பட்டினப்பாக்கம் டிராஃபிக்: வண்டிகளை நிறுத்தி விட்டால் நெரிசல் குறையுமா?

அடையாறில் இருந்து மெரினா பக்கம் தினமும் போறவங்களுக்குப் பட்டினப்பாக்கம் நெரிசல் புதுசு இல்லை. அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை சாந்தோம் நெடுஞ்சாலை ஒரு வழி. அதற்கு இணையாக, கடலோரம் செல்லும் லூப் சாலை இன்னொரு வழி. இரண்டு இருந்தும் ஏன் திணறுகிறது?

சாலை நிரம்பினால் என்ன ஆகும்?

தாங்கும் அளவைத் தாண்டி வண்டிகள் நுழைந்தால் வேகம் மட்டும் குறைவதில்லை. ஒரு மணி நேரத்தில் கடந்து போகும் வண்டிகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். புனலில் அரிசியை மொத்தமாகக் கொட்டினால் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சீக்கிரம் இறங்கும். அதே கதைதான்.

வெளிநாடுகளில் என்ன செய்றாங்க?

விரைவுச்சாலையில் ஏறும் இடத்திலேயே சிக்னல் வைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள். 1963-ல் சிகாகோவில் தொடங்கிய முறை இது. லண்டனைச் சுற்றியுள்ள எம்25 சாலையில், நெரிசலுக்கு ஏற்ப வேக வரம்பை மாற்றும் முறை 1995-ல் வந்தது.

நிறுத்தி விட்டால் கோபம் வராதா?

வந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில், 2000-ம் ஆண்டு சுமார் 430 சிக்னல்களைச் சில வாரங்கள் அணைத்தே பார்த்தார்கள். பயண நேரம் 22%, விபத்துகள் 26% கூடின. சிக்னல்கள் திரும்ப வந்தன. ஆனால் ஒரு வண்டி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தார்கள்.

சென்னையில்?

இங்கே சாலையில் ஏறும் வழிகள் ஏராளம். அதனால் சந்திப்பு சிக்னல்கள்தான் அந்த வேலையைச் செய்யணும். வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து, பச்சை விளக்கின் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சிக்னல்களை 165 சந்திப்புகளில் அமைப்பது ஜப்பானின் ஜைக்கா நிதியுதவித் திட்டம்.

சிக்னல் தீர்க்காத கேள்வி

லூப் சாலை வண்டிகளுக்கு மாற்று வழி. நொச்சிக்குப்பம் மீனவர்களுக்கு வாழ்வாதாரம். சாலையோர மீன் கடைகளால் நெரிசல் என்று 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கடைகளை அகற்றியதும் மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2024 ஆகஸ்ட்டில் நொச்சிக்குப்பத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

எந்த வண்டி எப்போ போகணும் என்பதை சிக்னல் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தச் சாலை யாருக்கானது என்பதை மனுஷங்கதான் பேசி முடிவு செய்யணும்.