லாரி ஏசி ஓட மறுப்பது ஏன்? மின்தடம், அழுத்தம், காஸ் குறித்த ஓர் ஆய்வு

1. களமும் வாதமும்

2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் என்2, என்3 வகை லாரிகள், அதாவது மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் சரக்கு வாகனங்கள், ஏசி கேபினுடன்தான் வர வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. நாமக்கல், சங்ககிரி வட்டாரப் பட்டறைகளுக்கு இனி கியர்பாக்ஸ் வேலையோடு ஏசி வேலையும் வரும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு புகார்: ஸ்விட்சைப் போட்டாலும் ஏசி ஓடவில்லை. குளிர் போதவில்லை என்பது வேறு புகார். அதை இங்கே கலக்கவில்லை. ஓடாத ஏசிக்குப் பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில், "காஸ் போயிருக்கும், ஏத்திடலாம்" என்பது. அது சில நேரம் பாதி உண்மை. ஆனால் சோதனையை அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பதே என் வாதம்.

2. புகாரைப் பிரித்தல்

காற்றே வரவில்லையா, காற்று வந்தும் குளிரவில்லையா? டிரைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. காற்று வராவிட்டால் புளோயரின் ஃப்யூஸ், ஸ்விட்ச், மோட்டார் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். பல மாடல்களில் புளோயர் ஓடினால்தான் ஏசி ஸ்விட்சுக்கே மின்சாரம் போகும். காற்றோட்டம் இல்லாமல் கூலிங் காயில் பனிக்கட்டியாகிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

காற்று வருகிறது, குளிர் இல்லை என்றால் கம்ப்ரஸரின் முகப்பைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டோடு புல்லி எப்போதும் சுற்றும். அதன் முன்னால் உள்ள தட்டு, ஏசி போட்டதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். தட்டு அசையாமல் நின்றால், கிளட்ச் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது வந்தும் காயிலால் தட்டை இழுக்க முடியவில்லை.

3. மின்தடம்

3.1 தடையின் வரிசை

பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே, ஏசி ஸ்விட்ச், கூலிங் காயிலின் குளிரை அளக்கும் தெர்மோஸ்டாட், பிரஷர் ஸ்விட்ச் எனப் பல இடங்களின் சம்மதம் கிடைத்த பிறகே கிளட்ச் காயிலுக்கு மின்சாரம் போகிறது. புதிய லாரிகளில் எஞ்சின் கணினியும் இதில் சேரும். தண்ணீர்ச் சூடு எல்லை மீறினால் அது கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அப்படி நின்ற ஏசியைப் பழுது என்று சொல்வதற்கில்லை.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. கனரக லாரி 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் ரிலே உருவத்தில் அச்சு அசலாக அப்படியே இருக்கும், சாக்கெட்டிலும் உட்காரும். மேலே அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் செருகினால் அதன் காயில் சூடேறிக் கருகும்.

3.2 மீட்டர் காட்டாத பழுது

கிளட்ச் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 24 வோல்ட் காட்டும். உடனே காயில் போயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பத்துப் பிரி கம்பியில் ஒரே ஒரு பிரி மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட் காட்டும். ஆனால் காயில் இழுக்கும் சுமார் 2 ஆம்பியரை அந்த ஒற்றைப் பிரியால் தர முடியாது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே இடத்தில் கொடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும்: மங்கி எரிந்தால் ஒயரிலோ எர்த்திலோ கோளாறு.

லாரிக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. ஸ்விட்ச் இருப்பது கேபினில். கம்ப்ரஸர் இருப்பது கீழே எஞ்சினில். கேபினைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் கீல் அருகே ஒயர் கட்டு மடங்கி நிமிர்கிறது. மேலுறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு முறிந்து கிடக்கும். கேபினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த்துப் பட்டை துருப்பிடிப்பதும் இதே வகை.

3.3 காலையில் ஓடும், மதியம் ஓடாது

இந்தப் புகாரைப் பலர் காஸோடு முடிச்சுப் போடுகிறார்கள். பெரும்பாலும் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளிதான் காரணம். பல கம்ப்ரஸர்களில் அது அரை மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டும். தேய்மானத்தால் அது விரிகிறது. சூட்டில் காயிலின் மின்தடையும் ஏறி, இழுவிசை குறைகிறது. எஞ்சினை நிறுத்தி, ஃபீலர் கேஜ் விட்டு அளந்து, தட்டுக்கு அடியிலுள்ள ஷிம் ஒன்றை எடுத்தால் வேலை முடிந்தது. இதற்குப் புதுக் கம்ப்ரஸர் விற்பவர்களும் உண்டு.

4. காஸ்

தற்போது பரவலாக உள்ளது ஆர்-134ஏ. ஏசி ஓடாத நிலையில், 35 டிகிரி வெயிலில், அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 114 பவுண்டு இருக்கும். துளி திரவம் உள்ளே மிஞ்சியிருக்கும்வரை இந்த எண் மாறாது. முழு அளவு இருந்தாலும் பாதி இருந்தாலும் கேஜ் ஒன்றையே காட்டும். ஆகவே நின்ற அழுத்தத்தைக் கொண்டு அளவைச் சொல்ல முடியாது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. பிரஷர் ஸ்விட்ச் பொதுவாக 30 பவுண்டை ஒட்டிய அழுத்தத்தில்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும். வெயிலில் நிற்கும் லாரியில் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கியிருந்தால் காஸ் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று பொருளல்ல; ஏறத்தாழ எல்லாமே போய்விட்டது. டீசலைப் போல காஸ் செலவாவதில்லை. போனதென்றால் கசிவு இருக்கிறது. கல்லடி பட்ட கண்டென்சர், இற்றுப்போன ஓ-ரிங், உரசித் தேய்ந்த ஹோஸ், கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் ஆகியவற்றை நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, கசிவை அடைத்து, வேக்குவம் போட்ட பிறகே காஸ் ஏற்ற வேண்டும்.

5. குறுக்கு ஒயர்

பிரஷர் ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் பல லாரிகளில் ஏசி உடனே ஓடும். கேஜில் போதிய அழுத்தம் தெரியும்போது, ஸ்விட்ச்தான் பழுதா என்று பார்க்கச் சில விநாடிகள் இப்படிச் செய்யலாம். அப்படியே விட்டுவிடுவது கம்ப்ரஸரைக் கொல்வதாகும். உயவு எண்ணெய் காஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. காஸ் இல்லையென்றால் எண்ணெயும் திரும்பி வராது. உலர்ந்து ஓடும் கம்ப்ரஸர் இறுகும்போது உதிரும் உலோகத் துகள் கண்டென்சர்வரை போய் அடைக்கும். பழைய லாரி வாங்குகிறவர் ஏசியைப் போட்டுக் குளிர்கிறதா என்று பார்ப்பதற்கு முன், பிரஷர் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி அங்கே இந்த ஒயர் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.