செவிகொடுத்த அயலார்

1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில், ஆங்கிலிக்கன் சபையின் இளம் பணியாளர் ஒருவர் தம் வாழ்வின் முதல் அடக்கச் சடங்கை நடத்தினார். அவர் பெயர் சாட் வாரா. அன்று அடக்கம் செய்யப்பட்டவள் பதினான்கு வயதுச் சிறுமி. பருவமடைந்த வேளையில் தன் உடலில் கண்ட மாற்றத்தைக் கொடிய நோயென்று தவறாக எண்ணி, எவரிடமும் வாய்திறக்க அஞ்சி, அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள்.

இதைப் படிக்கையில் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. அச்சிறுமியைக் காப்பாற்ற என்ன தேவைப்பட்டது? பெரிய மருத்துவமனையா? விலையுயர்ந்த மருந்தா? அச்சமின்றிப் பேசத்தக்க ஒருவர் அரைமணி நேரம் அவளருகில் அமர்ந்திருந்தால் போதுமே! அந்த ஒருவர் தாயாகவோ, ஆசிரியையாகவோ, வகுப்புத் தோழியாகவோ இருந்திருக்கலாம்.

பள்ளிகளிலும் பணியிடங்களிலும் மனநல விழிப்புணர்வு பற்றியும், சக மனிதர் துணைநிற்பதற்கான பயிற்சி பற்றியும் இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. இது நேற்று முளைத்த புதுமை என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஆனால், மனம் நொந்தவருக்கு அயலாரே துணைநின்ற வரலாறு மிகப் பழையது. அதில் பொதுநிலையினரின் பங்கும் பெரியது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

கேல் நகரத்து இல்லங்கள்

பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் மாநிலத்தில் கேல் என்றொரு சிறு நகரம் உள்ளது. மனநோயாளரின் பாதுகாவலியாகப் போற்றப்படும் புனித திம்ப்னாவின் திருத்தலம் அங்கே இருக்கிறது. அவர் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அயர்லாந்து இளவரசி என்றும், மதியிழந்த தந்தையின் கையாலேயே கேல் நகரில் கொலையுண்டார் என்றும் மரபு கூறுகிறது. அவரது வாழ்க்கை வரலாறு எழுத்தில் வந்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான். ஆகவே, கதையின் எப்பகுதி வரலாறு, எப்பகுதி மரபு என்று பிரித்தறிவது கடினம். ஆனால், அக்கதையை நம்பி வந்த மக்களுக்கு அந்நகரத்தார் செய்தது ஐயத்திற்கு இடமற்ற வரலாறு.

மனநோயுற்றோரை உறவினர் அத்திருத்தலத்திற்கு அழைத்துவந்து ஒன்பது நாள் வேண்டுதல் நடத்தினர். ஆலயத்தை ஒட்டி நோயாளர் கூடம் ஒன்றும் எழுப்பப்பட்டது. கூட்டம் பெருகிக் கூடம் நிரம்பவே, வந்தவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர். வேண்டுதல் முடிந்தும் குணமாகாதவர் பலர் அவ்வீடுகளிலேயே தங்கிவிட்டனர். அவர்களை 'நோயாளர்' என்றோ 'பைத்தியக்காரர்' என்றோ அழைக்காமல், 'தங்குவோர்' என்று அழைப்பதே அவ்வூர் வழக்கமாயிற்று. அவர்கள் குடும்பத்தாருடன் ஒரே மேசையில் உண்டனர், வயலிலும் வீட்டிலும் இயன்ற வேலை செய்தனர், குழந்தைகளுடன் விளையாடினர். தாய் தந்தையர் பேணிய ஒருவரை, அவர்கள் மறைந்த பின்னர் மக்கள் பேணுவதும் உண்டு.

கேல் மக்களை நாம் வானதூதராக்கிவிடத் தேவையில்லை. தங்குவோருக்காக அவர்கள் பணம் பெற்றனர்; உழவுக்கு அவர்களது உழைப்பும் உதவியது. 1850-இல் அரசே இப்பணியின் பொறுப்பை ஏற்று, மருத்துவரின் மேற்பார்வையைப் புகுத்தியது. 1930-களின் இறுதியில் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் அந்நகர வீடுகளில் வாழ்ந்தனர். இன்று அவ்வெண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டபோதிலும் வழக்கம் மறையவில்லை. 2023-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு, பேணிக்காக்கத்தக்க நற்செயல்முறைகளின் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

விலங்கை அகற்றிய நோயாளர்

கேல் நகரத்தார் அயலாராக நின்று உதவினர். நோயின் வேதனையைத் தாமே பட்டறிந்தவர் பிறருக்கு உதவிய வரலாற்றைக் காணப் பிரான்சுக்குச் செல்லவேண்டும்.

தோல் பதனிடும் தொழிலாளியான ழான் பப்தீஸ்த் புசேன் கண்டமாலை நோயுற்று, 1771-இல் பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனைக்கு வந்தார். நலமடைந்தபின் அங்கேயே பணியாளராகச் சேர்ந்தார். 1780-களில் மனநோயாளர் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. நோயாளரை எவரும் அடிக்கக்கூடாது என்பது அவர் வகுத்த விதி. நோயிலிருந்து மீண்டவர்களையும் மீண்டுவருபவர்களையும் பணிக்கு அமர்த்துவது அவரது வழக்கம். துன்பத்தின் சுவையறிந்தவர் துன்புறுவோரிடம் கொடுமை காட்டார் என்பதை அவர் கண்டிருந்தார். 1793-இல் அங்கே மருத்துவராக வந்த பிலிப் பினெல், எழுத்தறிவு குறைந்த இம்மனிதரிடமிருந்து தாம் கற்றதை மறைக்கவில்லை. 1797-இல் பிசேத்ர் நோயாளரின் இரும்பு விலங்குகளை அகற்றியவர் புசேனே. ஆயினும், பிற்கால ஓவியங்களும் பாடநூல்களும் அப்பெருமையைப் பினெலுக்கே சூட்டின. எளியவர் செய்த பணி பெரியவர் பெயரில் எழுதப்படுவது வரலாற்றில் புதிதன்றே!

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் கிளிஃபர்ட் பீர்ஸ் என்ற பட்டதாரி இளைஞர் மனநோயால் தாக்குண்டு, ஏறத்தாழ மூன்றாண்டுகள் மனநோய் மருத்துவமனைகளில் வாழ்ந்தார். அங்கே தாம் பட்ட அடிகளையும் அவமானங்களையும் 1908-இல் நூலாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அந்நாட்டில் மனநலத்திற்கான தேசியக் குழு உருவாக அவர் காரணரானார். மனநோயுற்றவர் தம் பெயரை மறைக்காமல் பொதுமக்கள் முன் பேசியதால் பிறந்த இயக்கம் அது.

தேநீர் தந்தவர்கள்

மீண்டும் சாட் வாராவிடம் வருவோம். அச்சிறுமியின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. 1953-இல் இலண்டன் மாநகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயப் பொறுப்பை ஏற்றதும், தற்கொலை எண்ணத்தால் அலைக்கழிக்கப்படுவோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் 2 அன்று முதல் அழைப்பு வந்தது. அழைத்தவர் பலர், நேரில் வந்தவரும் பலர். அவர் ஒருவரால் அனைவரையும் சந்திக்க இயலவில்லை. உதவிக்கு முன்வந்த தொண்டர்களை, காத்திருப்போருடன் அமர்ந்து தேநீர் தந்து பேசிக்கொண்டிருக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். காத்திருந்தவர்களில் பலர், தொண்டரிடம் மனம்விட்டுப் பேசியபின், குருவைச் சந்திக்கும் தேவையே இன்றி ஆறுதலுடன் திரும்பிச் சென்றனர். அவர்களுக்கு அறிவுரை எதுவும் வழங்கப்படவில்லை. யாரோ ஒருவர் குறுக்கிடாமல் கேட்டார், அவ்வளவே. வேறொருவராயின் இதனால் மனம் சுருங்கியிருக்கக்கூடும். வாரா சுருங்கவில்லை. 1954 பிப்ரவரியில் அழைப்போருக்குச் செவிகொடுக்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்றுவிப்பதும் தம் பணி எனக் கொண்டார். செய்தித்தாள் ஒன்று சூட்டிய 'சமாரியர்' என்ற பெயரே அவ்வமைப்புக்கு நிலைத்தது. கேட்டதை வெளியிடாமை, தீர்ப்பிடாமை, தம் சமயக் கருத்தைத் திணிக்காமை ஆகியவை அவர்களின் நெறிகள். ஒரு குரு தம் கையிலிருந்த பணியைப் பொதுநிலையினரிடம் நம்பி ஒப்படைத்த அந்நாள், மனநலப் பணியின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை என்பது நம் எண்ணம்.

அவ்விளக்கின் ஒளி நம் பக்கமும் வந்தது. கொழும்பில் 1974-இல் சுமித்ரயோ அமைப்பும், சென்னையில் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமாரின் முயற்சியால் 1986-இல் சினேகா அமைப்பும் தோன்றின. தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் எத்தனையோ மாணவர்க்குச் சினேகாவின் தொண்டர்கள் இரவும் பகலும் செவிகொடுத்துள்ளனர்.

முதலுதவியும் சத்திரமும்

தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரைப் போலவே, அடுத்த மேசையில் இருப்பவரும் செவிகொடுக்கக் கற்க முடியுமா? ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில், மனச்சோர்வின் கொடுமையைத் தம் வாழ்வில் கண்டிருந்த செவிலியர் பெட்டி கிச்சனரும், அவர் கணவரும் ஆய்வாளருமான அந்தோனி ஜோர்மும் 2000-ஆம் ஆண்டில் 'மனநல முதலுதவி' என்னும் பயிற்சியை உருவாக்கினர். காயம்பட்டவருக்குக் கட்டுப்போடக் கற்பது போல, கலங்கிய மனத்தவருக்கு உதவவும் எவரும் கற்கலாம் என்பதே அதன் அடிப்படை. அருகில் செல்லுதல், ஆபத்து உண்டா என அறிதல், தீர்ப்பிடாமல் கேட்டல், நம்பிக்கையும் சரியான தகவலும் தருதல், மருத்துவரிடமும் பிற துணைகளிடமும் செல்லத் தூண்டுதல் என அதன் படிகள் எளியவை. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தொழிலகங்களிலும் அது கற்பிக்கப்படுகிறது.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அச்சமாரியர் மருத்துவர் அல்லர். அருகில் சென்றார், காயங்களைக் கட்டினார், சத்திரத்திற்குக் கொண்டுசென்றார், தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பைச் சத்திரக்காரரிடம் ஒப்படைத்தார். முதலுதவியின் எல்லையும் இதுவே. பயிற்சி பெற்றவர் மருத்துவராகிவிடார். இப்பயிற்சியால் அறிவும் துணிவும் கூடுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உதவி பெறுவோர் அடையும் நன்மை எவ்வளவு என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. எனவே, மருத்துவரும் மருந்தும் இருக்கவேண்டிய இடத்தில் பயிற்சி வகுப்பை வைத்து நிறைவடைவது தவறாகும். அதிக வேலைச்சுமையால் தொழிலாளரை நசுக்கும் நிறுவனம், ஒருநாள் பயிற்சியால் தன் கடமை தீர்ந்ததென்று கருதுவதும் தவறே.

எனினும், பயிற்சி நம்மிடமுள்ள சில தவறான எண்ணங்களைக் களைகிறது. சாக வேண்டுமென்ற எண்ணம் உண்டா என்று ஒருவரிடம் நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டியவராவோம் என அஞ்சுகிறோம். கனிவாகக் கேட்பது அவரது பாரத்தைக் குறைக்கவே செய்யும் என்பதே ஆய்வறிந்தோர் முடிவு. மாணவர் தம் துயரை முதலில் சொல்வது பெரும்பாலும் நண்பனிடம் அல்லது தோழியிடம்தான். உயிருக்கு ஆபத்தான இரகசியத்தைக் காப்பது நட்பாகாது, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லவேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டாமா?

நம் மண்ணில்

பிசேத்ர் மருத்துவமனையில் விலங்குகள் அகற்றப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பிடம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் மாண்டோர் உட்பட 28 பேர் உயிரிழந்தனர். கேல் நகருக்கு வந்தவர்களைப் போலவே அவர்களும் ஒரு புனிதத்தலத்தை நம்பி அழைத்துவரப்பட்டவர்கள். இதனை ஒரு சமயத்தாரின் குறையாகப் பார்ப்பது நேர்மையாகாது. மருத்துவரிடம் செல்லவேண்டியவரைச் சமய வேறுபாடின்றி நாம் அனைவரும் வழிபாட்டுத் தலங்களில் விட்டுவந்திருக்கிறோம். வேண்டுதலோடு கேல் நகரத்தார் வீட்டுக் கதவையும் திறந்தனர். நாமோ பல நேரங்களில் வேண்டுதலை மட்டும் செய்துவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டோம்.

திருச்சபையும் இவ்வழியில் வளர்ந்தே வந்துள்ளது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அறிந்தே தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இடம்பெறவில்லை. கடுமையான மனப் பாதிப்பு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கிறது. நம் நாட்டின் சட்டமும் மாறியது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டனைக்குரியவராக அன்றி, கடும் மன அழுத்தத்தால் துன்புறுபவராகவே கருதவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சட்டங்கள் மாறிவிட்டன. நம் நாவு மாறிவிட்டதா? தற்கொலை நிகழ்ந்த வீட்டாரைக் குறித்துக் கோயில் வாசலில் நாம் பேசுவதும், மனச்சோர்வுற்ற பிள்ளைக்குத் திருமணம் தடைப்படுமென்று மருத்துவரிடம் செல்லாமல் மறைப்பதும் இன்னும் மறையவில்லை. பேச அஞ்சி மாண்ட லிங்கன் நகரச் சிறுமியைப் போன்றோர் நம் பள்ளிகளிலும், நம் அலுவலகங்களிலும், நாம் ஞாயிறுதோறும் அமரும் அதே வரிசையிலும் இருக்கக்கூடும்.

கேல் நகரத்து உழவரும், பிசேத்ரின் தோல் தொழிலாளியும், இலண்டனில் தேநீர் தந்தவர்களும் பெரும் படிப்பு படித்தவர் அல்லர். அவர்கள் அருகில் அமர்ந்தனர், கேட்டனர். நம் பங்கு மன்றங்களும் இளைஞர் இயக்கங்களும் நம் பிள்ளைகளின் பள்ளிகளும் இப்பயிற்சிக்கு ஆண்டில் ஒரு நாளையேனும் ஒதுக்க முன்வரலாகாதா? அந்நாள் வரும்வரை காத்திராமல், இன்று மாலை நம் வீட்டில் வழக்கத்திற்கு மாறாக மௌனமாய் அமர்ந்திருப்பவரிடம் சென்று, "என்ன ஆயிற்று?" என்று கேட்போம். கேட்டபின், பதில் முடியும்வரை பொறுத்திருப்போம்.