அளந்த உயரமும் நிரப்பிய உயரமும்: கோள்களின் நிலவுரு மாதிரிகளை வாசித்தல்

வெள்ளிக் கோளின் மாட் மான்ஸ் எரிமலையைக் காட்டும் புகழ்பெற்ற படத்தில் மலை கூம்பாக எழுந்து நிற்கும். மகெல்லன் விண்கலத்தின் ரேடார் தரவிலிருந்து கணினி வரைந்த அக்காட்சியில் உயரம் 22.5 மடங்கு கூட்டப்பட்டுள்ளது. 3 பாகைச் சரிவை அப்படிப் பெருக்கினால் ஏறத்தாழ 50 பாகை வரும். மாட்டுவண்டி ஏறும் மேடு, கயிறு கட்டி ஏறவேண்டிய மலைமுகமாகிவிடும்.

உயரத்தைக் கூட்டுவதே குற்றமன்று. செவ்வாயின் ஒலிம்பஸ் மான்ஸ் ஏறத்தாழ 22 கி.மீ. உயரமும் 600 கி.மீ. அகலமும் உடையது, உள்ளபடி வரைந்தால் கவிழ்த்த தாம்பாளம்போலத்தான் தெரியும். எத்தனை மடங்கு என்று சொல்லிவிட்டால் பார்ப்பவர் குறைத்துக்கொள்வார். குறைத்துக்கொள்ளவே வழியில்லாத பிழை, காட்சியாக்கத்துக்கு முன்பே, மாதிரி உருவாகும்போதே நுழைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாதிரி உருவாகும் ஒரு வழி இது: ஒரே நிலத்தை இரு கோணங்களில் படமெடுத்து, ஒரு படத்தின் புள்ளிக்கு மற்றதில் இணை தேடி, அதன் இடப்பெயர்ச்சியிலிருந்து உயரம் கணிக்கப்படுகிறது. செவ்வாயைச் சுற்றும் ஹைரைஸ் ஒளிப்படக்கருவியின் ஒரு பிக்சல் நிலத்தில் சுமார் 0.25 மீட்டர். பொருத்தம் ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்குக்குத் துல்லியம், இரு பார்வைக்கும் இடையே 20 பாகை என்று கொள்வோம். 0.05 மீட்டரை 20 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பான 0.364 ஆல் வகுத்தால், எதிர்பார்க்கத்தக்க உயரப் பிழை ஏறத்தாழ 14 செ.மீ.

இணை கிடைத்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஹைரைஸ் இரு படங்களையும் வெவ்வேறு சுற்றுகளில் எடுப்பதால் இடையில் நிழல் நகர்ந்துவிடக்கூடும். 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் நிலப்படக் கருவி முன்னும் நேர்கீழும் பின்னுமாக ஒரே கடப்பில் படமெடுத்து இத்தொல்லையைத் தவிர்த்தது. ஆனால் எந்த ஏற்பாடும் கைகொடுக்காத இடங்கள் உண்டு: அடையாளமற்ற வழவழப்பான மணல், நிலவின் துருவக் குழிகளில் உறைந்த நிழல். அங்கே மென்பொருள் இணை காணாமல் திகைக்கும்; பிறகு சுற்றியுள்ள உயரங்களைக் கொண்டு ஓட்டையை இழுத்து மூடும்.

இழுத்து மூடிய துணிக்குச் சுருக்கம் இராது. மேடுபள்ளத்தை நிழலிட்டுக் காட்டும் நிழற்சாயல் வரைபடத்தில் அப்பகுதி மாசற்ற சமவெளியாகத் தெரியும். இறங்குகலத்துக்கு இடம் தேடுபவர் விரும்புவதும் அத்தகைய சமவெளியைத்தான். தரவின்மையும் பாதுகாப்பும் ஒரே முகம் காட்டும் இந்த மயக்கமே மாதிரியின் மிகப்பெரிய ஆபத்து. பாறைகளிலும் இதே கதை. 0.25 மீட்டர் பிக்சல் படத்தில் ஒரு மீட்டர்ப் பாறை நான்கு பிக்சல் அகலமே; பொருத்தத்துக்கு அண்டைப் பிக்சல்கள் பலவற்றைச் சேர்த்தே பார்ப்பதால் அது சராசரியில் கரைந்துவிடும். சரிவை மாதிரியிலிருந்தும் பாறைகளை மூலப்படத்திலிருந்தும் எடுப்பது அதனால்தான் முறை.

நிலவின் நிழற்குழிகளை 2009 முதல் எல்.ஆர்.ஓ. விண்கலத்தின் லேசர் உயரமானி அளக்கிறது. லேசருக்கு வெயில் வேண்டாம். ஆனால் இரு லேசர்த் தடங்களுக்கு நடுவே இருப்பதும் நிரப்பிய உயரமே.

எனவே உயரத் தளத்தோடு, பிழை அளவைக் காட்டும் தளமும் நிரப்பிய இடங்களைக் காட்டும் தளமும் பிரியாமல் வெளியாக வேண்டும். காட்சியில் நிரப்பிய பகுதி சாம்பல் நிறத்தில் நிற்கட்டும். மிகைமடங்கு அடிக்குறிப்பில் அல்லாமல் படத்துக்குள்ளேயே பொறிக்கப்படட்டும். படத்தின் அழகு சற்றுக் குறையும். ஆனால் சாம்பல் திட்டில் கலத்தை இறக்க எவரும் துணியமாட்டார்.