நீல மோர்ஃபோ: மெரியானின் மாதுளையும் மேக்ரோவின் வாழைப்பழமும்

பூச்சிகளை உற்றுப் பார்த்து வரைந்த ஓவியர் மரியா சிபில்லா மெரியான் 1699இல் தம் இளைய மகளோடு கப்பலேறி, அப்போது டச்சுக் குடியேற்ற நாடாக இருந்த சூரினாமுக்குப் போனார். காய்ச்சல் வாட்ட 1701இல் திரும்பினார். சூரினாமின் பூச்சிகளைப் பற்றி 1705இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வெளியிட்ட நூலில் 60 படங்கள். ஒன்பதாவது படத்தில் மாதுளைக் கிளையும் நீல மோர்ஃபோ வண்ணத்துப்பூச்சியும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் வைக்க நான் எடுத்துக்கொள்வது, இன்றைய வண்ணத்துப்பூச்சிக் கூடங்களில் கனிந்து குழைந்த வாழைப்பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மோர்ஃபோவை மிக நெருங்கி எடுத்த மேக்ரோ புகைப்படம்.

முதலில் கண்ணில் படும் வேறுபாடு நிறம். மெரியான் இறக்கை விரித்த நீலத்தையும், மூடியபோது தெரியும் பழுப்பையும் ஒரே தாளில் தருகிறார். படமெடுப்பவருக்குப் பெரும்பாலும் பழுப்புதான் வாய்க்கிறது. மோர்ஃபோ பூந்தேனைவிடப் புளித்த பழச்சாற்றையே நாடும்; சாற்றை உறிஞ்சும்போது வழக்கமாக இறக்கைகளை மூடிக்கொள்ளும். நீலத்தை எதிர்பார்த்து வந்தவர் இதில் ஏமாற வேண்டியதில்லை. ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில், எஃப் 11 துளையிலும்கூட, கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மூடிய இறக்கை தட்டையானது. கேமராவை அதற்கு நேர் இணையாகப் பிடித்தால் கண்போன்ற புள்ளிகள், நரம்புகள் எல்லாம் ஒருசேரத் தெளியும்.

அதே படத்தில் உறிஞ்சுகுழல் பழச்சதையில் பதிந்திருப்பதும் தெரிகிறது. மெரியானை மிஞ்சி மேக்ரோ நிற்கும் இடம் இது என்பேன். அவருடைய மாதுளை அழகான மேடை. இந்த வாழைப்பழம் உணவு.

ஆனால் உற்றுப் பார்ப்பதில் மெரியான் பின்தங்கியவர் அல்லர். நீல இறக்கையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, செதில்கள் கூரை ஓடுகள்போல் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதாகவும், மயிலிறகின் பளபளப்பு கொண்டிருப்பதாகவும், அதைச் சொல்லி முடியாது என்றும் எழுதினார். அந்த நீலம் சாயத்தால் வந்த நிறம் அல்ல. செதிலின் மேலுள்ள நுண்ணிய வரிமேடுகள் நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பிறப்பது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். தூரிகையால் அதைப் பிடிக்க முடியாது. ஒற்றைப் புகைப்படத்திலும் ஒரு கோணம்தான் அகப்படும். செதில்வரை நெருங்கிவிட்டால் பழமே சட்டகத்தைவிட்டு வெளியேறிவிடும்.

மெரியானின் பெருமை வேறொன்று: முட்டை, புழு, கூட்டுப்புழு, இறக்கை என்று வாழ்நாள் முழுவதையும் செடியோடு சேர்த்துக் காட்டும் முறை. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்த மாதுளைக் கிளையில் இருக்கும் புழு மோர்ஃபோவுடையதே அல்ல, ஸ்ஃபிங்ஸ் அந்துப்பூச்சியுடையது என்று பிற்கால ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். புகைப்படம் இப்படிப் பிழையாக இணைக்காது. இணைக்கவே இணைக்காது என்பதுதான் அதன் குறை. பழத்தின் மேல் ஒரு பூச்சியைப் பார்ப்பவர், அதன் புழுவும் அந்த மரத்தில்தான் வளர்ந்தது என்று நினைத்துவிடலாம். மோர்ஃபோ புழுக்கள் பலவும் அவரைக் குடும்பத்துச் செடிகளின் இலையைத் தின்பவை. மேக்ரோ படம் எடுப்பவர்கள் கேமரா விவரத்தோடு புழு தின்னும் செடியின் பெயரையும் படத்தின் கீழே எழுதினால், மெரியான் தொடங்கிய வேலை அங்கே தொடரும்.