கைதட்ட மறந்த இரவுகள்

1969-இல் வெளிவந்த ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டில் ‘விப்பிங் போஸ்ட்’ ஏறத்தாழ 5 நிமிடப் பாட்டு. 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அதே பாட்டு ஏறத்தாழ 23 நிமிடம் ஓடியது. ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலிருந்து சதர்ன் ராக் இசைக்கு வழி திறந்த இந்தக் குழுவுக்கு, எழுதிவைத்த பாட்டு வெறும் தொடக்கம்தான். டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் கிட்டார்களால் பேசிக்கொள்ள, புட்ச் டிரக்ஸும் ஜெய்மோவும் இரண்டு டிரம்ஸ்களில் தாளம் நெய்ய, அன்றைய மனோதர்மம் இழுத்த பக்கம் பாட்டு போகும்; மறுநாள் வேறு பக்கம் போகும். ஒவ்வோர் இரவும் புதிதாகப் பிறக்கும் இசைக்கு ஒற்றை மூலப்பிரதி கிடையாது. அதனால் இந்த இசையின் வரலாற்றை எழுத இசைத்தட்டு மட்டும் போதாது; கேட்டவர்களின் நினைவையும் சாட்சியாக ஏற்க வேண்டும் என்கிறேன்.

நினைவு தேதியை மாற்றிப் போடும், மிகைப்படுத்தும், ஐம்பது ஆண்டுகளில் காதால் கேட்டதையும் பின்னால் படித்ததையும் ஒன்றாக்கிவிடும் என்று மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் இசைத்தட்டு மட்டும் மாசற்றதா? 1971 ஜூலையில் வந்த ‘அட் ஃபில்மோர் ஈஸ்ட்’ தொகுப்பைத் தயாரித்த டாம் டவுட், ‘யூ டோன்ட் லவ் மீ’ பாட்டை இரண்டு வேறு கச்சேரிகளின் பகுதிகளை ஒட்டி உருவாக்கினார். ‘ஸ்டார்மி மண்டே’யில் தாம் டூசெட் வாசித்த மவுத் ஆர்கன் பகுதியை வெட்டிவிட்டார்கள். வீட்டில் தட்டை மட்டும் கேட்டவருக்கு அப்படியொரு வாசிப்பு நடந்ததே தெரியாது. அரங்கில் இருந்தவர் காதில் அது விழுந்திருக்கும். வெட்டுப்பட்டது பின்னாளில் ஒலிப்பதிவாகவே திரும்ப வந்தபோது, அந்த இடத்தில் அச்சான தட்டைவிட அரங்கில் இருந்தவரின் காதே முழுமையான ஆவணமாக இருந்தது உறுதியாயிற்று.

2014-இல் அந்த மார்ச் கச்சேரிகள் 6 குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பில் வந்துவிட்டனவே, இனி நினைவு எதற்கு என்று கேட்கலாம். அவை வந்தது பெரும் கொடை. வாசிப்பின் வரிசையையும் நீளத்தையும் இனி யாரும் சரிபார்க்கலாம். ஆனால் ஒலிவாங்கிகள் மேடையைப் பார்த்தே நின்றன. ஃபில்மோர் மூடப்பட்ட 1971 ஜூன் 27 அன்று அரங்க உரிமையாளர் பில் கிரகாம், குழுவை அறிமுகப்படுத்துகையில், முந்தைய இரவு அவர்கள் மேடையேறி விடிந்து ஏழு மணிவரை வாசித்ததை நினைவுகூர்ந்தார். அப்படி விடியும்வரை நீண்ட ஒரு கச்சேரி முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை, கதவைத் திறந்ததும் வெயில் உள்ளே பாய்ந்தது, கூட்டம் சத்தமின்றி எழுந்து போனது என்று டிரக்ஸ் பின்னாளில் சொன்னார். எந்தத் தேதி என்பதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுத் தேடலாம். ஆனால் அந்த அமைதி எத்தகையது என்று ஒலிநாடா ஒருபோதும் சொல்லாது. வெற்றிடமாகத்தான் அதைப் பதியும். அந்த இசை கேட்டவர்களை என்ன செய்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி என்றால், இதைவிடப் பெரிய சான்று இல்லை.

ரசிகரின் நினைவு நடந்ததைச் சொல்வதோடு நிற்கவும் இல்லை. அடுத்து நடப்பதையும் தூண்டியது. ஃபில்மோர் தட்டிலேயே, ‘விப்பிங் போஸ்ட்’ தொடங்குமுன் கூட்டத்தில் ஒருவர் அதன் பெயரைக் கூவுவது கேட்கிறது. டுவேன் அதை ஆமோதித்துவிட்டே தொடங்குகிறார். அந்த ஆண்டு அக்டோபர் 29-இல் அவர் மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். கூவல் நிற்கவில்லை. 1974-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், இந்தக் குழுவோடு தொடர்பே இல்லாத ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரியில் ஒரு ரசிகர் அதே பாட்டைக் கேட்டுக் குரல் கொடுத்தார். ஸாப்பாவின் குழுவுக்கு அப்போது அது தெரியாது. பிறகு கற்றுக்கொண்டார்கள், 1984-இல் தங்கள் இசைத்தட்டிலும் சேர்த்தார்கள்.