இருபத்தைந்து கிலோ தபாலும் ஒரு சிறு பையும்

ஊருக்குக் கிளம்பும் முன் பெட்டியை எடை மெஷினில் ஏற்றி இறக்காத வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பம் உண்டா? 23 கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருப்பான். நாம் 24.5-இல் நின்றுகொண்டு, ஊறுகாய் பாட்டிலை எடுப்பதா, சித்திக்கு வாங்கிய ஸ்வெட்டரை எடுப்பதா என்று பஞ்சாயத்து நடத்துவோம். பெரிய விமானத்தில் இது காசு சம்பந்தப்பட்ட விஷயம். இரண்டு பேர், நாலு பேர் போகிற குட்டி விமானத்திலோ உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே எத்தனை கிலோ என்பதோடு, எந்த இடத்தில் வைத்தோம் என்பதும் கணக்கு.

மூணாறுக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. கடைசியில் வருகிறேன். முதலில் கொஞ்சம் பழங்கதை.

1932 அக்டோபர் 15. கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு 'புஸ் மாத்' விமானத்தில் கிளம்பினார். ஒற்றை எஞ்சின். வானொலிக் கருவி கிடையாது. பின்னால் சுமார் 25 கிலோ தபால், அதாவது இன்றைய நம் பெட்டி ஒன்றைவிட இரண்டே கிலோ கூடுதல்! அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. அங்கிருந்து பம்பாய் ஜூஹு. அதன்பின் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர் தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாக சென்னைக்குக் கொண்டுவந்தார்.

லண்டனிலிருந்து கராச்சி வரை தபால் ஏற்கெனவே விமானத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ரயில்தான். அந்த இடைவெளியை அடைத்தது இந்தக் குட்டி விமானம். கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த 25 கிலோவின் கனம் புரியும்.

டாட்டாவைப் பற்றி அதற்கு முந்தைய கதை ஒன்று, நம் தலைப்புக்கு இன்னும் பொருத்தம். 1929-இல் ஆகா கான், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு அறிவித்தார். டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார்; ஆஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பையன் லண்டனிலிருந்து எதிர்த்திசையில் வந்தான். இருவரும் எகிப்தின் அபூகிர் மைதானத்தில் சந்தித்தார்கள். ஆஸ்பியிடம் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லை, மாட்டிக்கொண்டு நின்றான். டாட்டா தன்னிடம் உபரியாக இருந்த பிளக்குகளைக் கொடுத்தார். பரிசை ஆஸ்பி சில மணி நேர வித்தியாசத்தில் தட்டிக்கொண்டு போனான்! அந்தப் பையன்தான் 1960-இல் இந்திய விமானப்படைத் தளபதியானார். கால் கிலோ கூட இருக்காத ஒரு பொட்டலம் பையில் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, எங்கே வைப்பது? எஸ்டேட்டில் முதுகில் கொழுந்துக் கூடையோடு மேடு ஏறுபவர்களைப் பாருங்கள். கூடை நிறைய நிறைய உடம்பு தானாக முன்னால் சாயும். விமானத்துக்கு அப்படிச் சாய்ந்து சமாளிக்கத் தெரியாது. சுமை வாலுக்கு அருகே கூடினால் மூக்கு மேலே தூக்கும், வேகம் குறையும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அதனால்தான் நாலு பேர் உட்காரும் செஸ்னா 172-இல் கூட பின்பக்கச் சாமான் அறைக்கு 54 கிலோதான் எல்லை. 2001 ஆகஸ்டில் பகாமாஸில் பாடகி ஆலியா சென்ற செஸ்னா 402 விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். எடை எல்லைக்கு மேல் இருந்தது, சமநிலைப் புள்ளியும் அளவுக்கு மீறிப் பின்னால் இருந்தது என்று விசாரணை சொன்னது.

அதனால் சிறு விமானம் ஓட்டுபவர்கள் பை வாங்கும்போது பார்ப்பது அழகை அல்ல. கெட்டியான பெட்டி வேண்டாம். இடுக்கில் மடங்கும் துணிப்பை போதும். பெரிய பை என்றால் நிரப்பத் தோன்றும், ஆகவே சின்னதே நல்லது. காலடியில் வைத்தால் உருண்டு போய் மிதிக்கட்டைக்குள் சிக்கும். சீட்டுக்குப் பின்னால் வைத்து வாரால் கட்ட வேண்டும். டார்ச், தண்ணீர், முதலுதவிப் பொருள்கள் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். செல்போனைக் காந்தத் திசைகாட்டியின் பக்கத்தில் வைத்தால் முள் பொய் சொல்லும்.

காலம் போகப் போக பை இளைத்துத்தான் வந்திருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் சுமந்த வரைபடப் பை சுமார் 16 கிலோ. 2013-இல் அதன் இடத்தை ஒரு ஐபேட் பிடித்தது.

இப்போது நம்மூர். மூணாறிலிருந்து குமுளி வழியாக வண்டிப்பெரியாறு போனால் சத்திரம். புல்லுமேடு வழியாக மலைக்குப் போன சாமிமாருக்குத் தெரிந்த இடம். அங்கே என்.சி.சி. மாணவர்களுக்காக 650 மீட்டர் ஓடுபாதை அமைத்தார்கள். 2022-இல் முதலில் இறங்க முடியவில்லை. பாதையின் முனையில் ஒரு மண்மேடு மறித்தது. ஜூலை மழையில் ஓரம் சரிந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி ஒருவழியாக 'வைரஸ்' என்ற இரண்டு இருக்கை விமானம் இறங்கியது. (பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், ஸ்லோவேனியக்காரர்கள் வைத்தது!) ஆளும் எரிபொருளும் சேர்த்து மொத்த எடை 500 கிலோவுக்கும் கீழே. இரண்டு பெரியவர்கள் ஏறினால் மிச்சம் ஒரு சிறு பைக்குத்தான் இடம்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1924 வெள்ளத்தில் மூணாறு தன் குட்டி ரயிலை இழந்தது. அது திரும்பி வரவே இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது 70 பேர் இறந்தார்கள். எல்லாரும் நம் சனங்கள். சேதி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. அந்த மழையில் எந்தக் குட்டி விமானமும் பறந்திருக்காது, உண்மைதான். ஆனால் மேகம் விலகி, பாதை இன்னும் அடைபட்டே கிடக்கும் நாட்கள் மலையில் உண்டு. அப்படி ஒரு நாளில், அந்தச் சிறு பைக்குள் இருக்க வேண்டியது இன்சுலினா, பாம்புக்கடி மருந்தா, பேசும் கருவியா என்பதை மழைக்கு முன்பே உட்கார்ந்து எழுதி வைத்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் உங்கள் உறவுகள் இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது இதையும் கேட்டு வையுங்கள்: அந்தப் பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?