காசநோயும் வீட்டுக் கணக்கும்

மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் சத்தான சாப்பாடுமே வைத்தியம். மூன்றும் மாதக்கணக்கில் வேண்டியிருந்தன. கூலிக் குடும்பத்துக்கு மூன்றுமே எட்டாதவை. டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இந்த வைத்தியத்துக்காகவே அமைந்தது. 1937இல் அதை அரசு ஏற்றது. அங்கே படுக்கை கிடைத்தாலும் வீட்டுப் பாரம் இறங்கவில்லை. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் அடுப்பெரிய வழி தேடுவது வீட்டிலிருப்பவர்கள் பாடானது.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் (PAS) ஆகிய காசநோய் மருந்துகள் வந்தன. 1952இல் ஐசோனியாசிட் வந்தது. நல்ல மருந்து கிடைத்த பிறகும் படுக்கை அவசியமா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காண 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மறு பிரிவுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள். சத்துக் குறைந்த உணவையே உண்டார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது: இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பது தொடர்ந்த கண்காணிப்பில் தெரிந்தது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

வைத்தியச் செலவு இறங்கினாலும் கூலி இழப்பு அப்படியே நின்றது. தென்னிந்திய நோயாளிகள் 304 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. ஒருவருக்குச் சராசரியாக 83 வேலை நாட்கள் போயின. மொத்தச் சுமை 5,986 ரூபாய். அதில் கையிலிருந்து செலவானது 2,052 ரூபாய், வருமான இழப்பு போன்ற மறைமுகச் சுமை 3,934 ரூபாய். சராசரிக் கடன் 2,079 ரூபாய். பள்ளி சென்ற பிள்ளைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை விட்டார்கள். மாத்திரையில் காசு மிச்சமானாலும் பிள்ளையின் படிப்பு பறிபோனது.

2018 முதல் நோயாளியின் உணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. அது தட்டில் ஒரு முட்டையைச் சேர்க்கும். இழந்த கூலியை ஈடுகட்டாது.